விரத மாதமும் இரத்தச் சர்க்கரையும்

கார்த்திகை முதல் நாள் கோவை சித்தாபுதூர் ஐயப்பன் கோயிலில் துளசிமணி மாலை அணிந்து, 41 நாள் மதுவைத் தீண்டாதிருக்கும் அன்பரின் தேகத்தில், பக்தி ஒருபுறமிருக்க, சர்க்கரையின் கதி மாறுவது ஏன்?

மது உட்சென்றதும், கல்லீரல் ஏனைய காரியங்களை ஒதுக்கி அதனை எரிப்பதிலேயே முனைவதால், புதிதாகச் சர்க்கரை ஆக்கும் தொழில் தடைப்படுகிறது; வெறும் வயிற்றில் குடித்தவர், அதிலும் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர், நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து மயங்குவதும், அதைப் போதையென்றே வீட்டார் எண்ணிவிடுவதும் இதனாலேதான். நாள்தோறும் குடிப்பவருக்கோ கல்லீரலில் கொழுப்புப் படிந்து, இன்சுலினின் ஆக்ஞைக்கு அவ்வுறுப்பு செவிசாய்க்க மறுக்கிறது.

லண்டனில் அளவுக்கு மேல் குடித்துவந்த 94 பேர் ஒரு மாதம் நிறுத்தியதைப் பரிசோதித்து 2018இல் வெளியான ஆய்வில், இன்சுலின் எதிர்ப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. எடையோ நூற்றுக்கு ஒன்றரைதான் இறங்கிற்று. ஆயினும் நெடுநாள் பெருங்குடியர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் நேரக்கூடுமாதலால், மாலையிடுமுன் வைத்தியரைக் காண்பது உசிதம்.

நம்மவர் விரதத்தில் மாமிசமும் நீங்கி நடையும் கூடுவதால், பலன் முழுவதையும் மதுவிலக்கின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது; பானகமும் அரவணையும் வேறு எதிர்க்கணக்கில் நிற்கின்றன.