வாத்தியார் வந்த வாசல்



மூன்றாம் செமஸ்டரில் எனக்கு மெஷின்ஸ் பேப்பரில் அரியர் விழுந்தது. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். அரியர் என்றால் பாக்கி என்று விளக்கினேன். "பாக்கிதானேப்பா, கட்டிறலாம். எவ்வளவு?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தவறு யார் மேல் என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தேன். தியரி எடுத்த சார் மோசமானவர் இல்லை. முழு மணி நேரமும் நின்றுகொண்டே பாடம் எடுப்பார். மின்தூண்டல் என்றால் முதல் வரியிலேயே "மைனஸ் என் டி ஃபை பை டி டி" என்று போர்டில் எழுதிவிடுவார். "எனக்கு இந்தச் சூத்திரம்தான்யா எல்லாத்தையும் புரிய வச்சுது. இதுகூடப் புரியலையா?" என்பார். பொய்யில்லை. அவர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனார். எங்களையும் அங்கேயே கூட்டிப் போகிறார். எனக்கோ வாசற்படியே தெரியவில்லை.

லேபில் இருந்தவர் ஐ.டி.ஐ. படித்து, மேஸ்திரியிடம் மோட்டார் கட்டிப் பழகி வந்தவர். அதிகம் பேசமாட்டார். கையில் காந்தத்தைக் கொடுத்து, "காயிலுக்குள்ள விடு, முள்ளைப் பாரு" என்றார். உள்ளே விட்டேன், கால்வனாமீட்டர் முள் துள்ளியது. அசையாமல் வைத்தேன், பூஜ்யத்துக்கு வந்தது. வேகமாக இழுத்தேன், எதிர்ப்பக்கம் இன்னும் அதிகமாக ஓடியது. அந்த 'டி டி' என்பது என் கை வேகம் என்று அப்போதுதான் விளங்கியது!

இதை 1831-இல் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடேயும் நம்மைப் போல் ஏழைவீட்டுப் பிள்ளைதான். கொல்லன் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் ஏழு வருடம் தொழில் பழகியவர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தும், சோதனைகளைத் தானே செய்து பார்த்தும் கற்றார். கணிதம் அவருக்கு எட்டவில்லை. அவர் கற்பித்த விதத்தையும் பாருங்கள். 1827 முதல் 1860 வரை லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காக 19 முறை கிறிஸ்துமஸ் சொற்பொழிவுத் தொடர் நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்தே வேதியியல் சொன்னார். தான் கண்ணால் கண்டு கற்றதைக் கண்ணால் காட்டினார். அவருடைய விசைக்கோடுகளைக் கணிதமாக்கியவர் மாக்ஸ்வெல். அந்தக் கணித முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா என்று 1857-இல் ஃபாரடே அவருக்குக் கடிதம் எழுதினார். அவ்வளவு பெரிய மேதைக்கே அரியர் மாதிரிதான்!

அதற்காகச் சூத்திரம் வேண்டாம் என்பேனா? காந்தத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு எத்தனை சுற்று என்று எப்படித் தெரியும்? அங்கே தியரி சார்தான் வேண்டும்.

மாணவர்களைப் 'பார்த்துக் கற்பவர்', 'கேட்டுக் கற்பவர்' என்று ரகம் பிரிக்கிறார்களே, அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ரகம் பார்த்துப் பாடம் எடுத்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று, அமெரிக்க உளவியலாளர் பாஷ்லரும் இன்னும் மூவரும் 2008-இல் பல ஆய்வுகளை அலசிப் பார்த்து எழுதினார்கள். என் கணக்கில் சிக்கல் வேறு. ஏறி முடித்தவருக்குத் தான் மிதித்த படிகள் மறந்துபோகின்றன.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்றும் கேட்டுக்கொண்டேன். அரியரை ஏப்ரலில் எழுதித் தேறிவிட்டேன். பிறகு ஒன்பதாவது படிக்கும் தங்கச்சிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் படம் போட்டேன். அவள் விழித்தாள். "இதுகூடப் புரியலையாடி?" என்று கத்தினேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் அது யார் வசனம் என்று உறைத்தது. அவள் மெதுவாக, "அண்ணே, படம் வேணாம். ஒரு கணக்கைக் கடைசிவரைக்கும் போட்டுக் காட்டு, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் மூன்று கணக்குகளைப் படமில்லாமல் வரி வரியாகப் போட்டுக் கொடுத்தேன். நான்காவதை அவளே போட்டாள். மூன்றாவது வரியில் ஒரு தப்பு. நான் திருத்தவில்லை. "எந்த வரின்னு நீயே பாரு" என்று நோட்டை அவள் பக்கம் தள்ளினேன்.