கைப்பேசியில் எது உசத்தி?

அம்பாசடரா, பியட்டா? டயனோராவா, சாலிடேரா? நம் வயதுக்காரர்கள் இளமையில் இப்படி வாதாடியவர்கள்தான். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் ஆப்பிளா, சாம்சங்கா, ஷியோமியா, விவோவா என்று வாதாடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வாதத்தின் முடிவில் இரண்டு மூன்று மாத வீட்டு வாடகை அளவுக்குப் பணம் தவணையாகப் போகிறது. ஆகவே விஷயத்தைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

முதலில் போட்டியைப் பார்ப்போம். வடிவமைப்பைக் காப்பியடித்ததாக 2011-இல் சாம்சங் மீது ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2018-இல்தான் இருவரும் சமாதானமானார்கள். அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2017-இல் வெளிவந்த ஐபோன் எக்ஸ் மாடலுக்குத் திரை செய்து கொடுத்தது சாம்சங் குழுமம்! 2020-இல் ஆப்பிள் தன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. சாம்சங் கேலி செய்தது. சில மாதங்களில், 2021 ஜனவரியில் வந்த கேலக்சி எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. ஓப்போ, விவோ, ஒன்பிளஸ், ரியல்மி ஆகியவை கடைத்தெருவில் எதிரெதிரே பலகை மாட்டியிருக்கின்றன. நான்குக்கும் மூலம் சீனாவின் பி.பி.கே. என்ற ஒரே நிறுவனம்தான்.

பெயரின் மவுசும் நிலையானதல்ல. ஒரு காலத்தில் செல்போன் என்றாலே நோக்கியா. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய அதன் ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. நம் நாட்டு மைக்ரோமேக்ஸ் 2014 வாக்கில் முதலிடத்துக்குச் சாம்சங்கோடு மல்லுக்கட்டியது. அதே ஆண்டு ஜூலையில் இங்கு வந்த ஷியோமி 2017 முடிவதற்குள் முதலிடத்தைப் பிடித்தது. 'சீனச் சரக்கு மட்டம்' என்பார்கள். ஐபோனும் பெரும்பாலும் சீனாவில் பூட்டப்படுவதுதான். இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் பூட்டப்படுகிறது.

ரயில்வேயில் பிரேக் கட்டை வாங்கும்போது கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்து நாங்கள் வாங்கியதில்லை. லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. வகுத்த அளவுக்கும் தரத்துக்கும் சரக்கு பொருந்துகிறதா என்று சோதித்த பிறகே ஏற்றுக்கொள்வோம். பெயர் பெற்ற கம்பெனியிலும் பழுது வரும் அல்லவா? 2016-இல் சாம்சங்கின் கேலக்சி நோட் 7 போன்கள் தீப்பிடித்தன. அவற்றை உலகெங்கும் திரும்பப் பெற்று, உற்பத்தியையே நிறுத்த வேண்டியதாயிற்று. பேட்டரியில் இருந்த குறைகளே காரணம் என்று மறு ஆண்டு அந்நிறுவனமே அறிவித்தது. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு, மாற்று பேட்டரியின் விலையைக் குறைத்தது.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது?

1. பாதுகாப்பு மென்பொருள் எத்தனை ஆண்டு வரும் என்று கேளுங்கள். வங்கிக் கணக்கே இன்று போனில் இருப்பதால் இது மிக முக்கியம். 2024-இல் வந்த கேலக்சி எஸ்24-க்கு 7 ஆண்டு என்று சாம்சங் உறுதி கூறியது. மலிவு மாடல்களுக்கு அவ்வளவு கிடைக்காது.

2. சர்வீஸ் சென்டர் நாம் இருக்கும் ஊரில் உண்டா? பெற்றோருக்கு வாங்குவதானால் அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் உண்டா? பேட்டரி மாற்ற என்ன செலவு?

3. *#06# என்று அழுத்தினால் வரும் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பல போன்களில் *#07# என்று அழுத்தினால் கதிர்வீச்சு அளவு தெரியும். நம் நாட்டில் உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட்.

4. 'வட்டியில்லாத் தவணை' என்றால் மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சொல்லிவிட்டது.

கல்லூரியில் நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று பிள்ளைகள் சொல்வதை நாம் அலட்சியம் செய்யவும் கூடாது. அது அவர்களுக்கு உண்மையான வருத்தம். அதட்டாமல், மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் அவர்களிடமே கொடுத்து, தங்களுக்குப் பிடித்த மாடலையும் அதைவிடப் பாதி விலை மாடலையும் ஒரு தாளில் ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகும் விலை உயர்ந்ததே வேண்டும் என்று குடும்பமாக முடிவெடுத்தால் தாராளமாக வாங்கலாம். காசு எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுத்தால் பிறகு மனக்குறை இருக்காது.