வேலை போவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

பொருளாதார மந்தம் வந்து ஆட்குறைப்பு தொடங்கியதும் ஓர் அறிவுரை தவறாமல் வந்துவிடும்: பழைய வேலையையே நினைத்துக்கொண்டிருக்காதே, புதிதாக எதையாவது கற்றுக்கொண்டு துணிந்து தொழிலை மாற்று. சொல்பவருக்கு இதில் செலவு எதுவும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 1980களின் தொடக்க மந்தத்தில் வேலையிழந்த அனுபவசாலிகளின் வருமானத்தை ஜேக்கப்சன், லலாண்ட், சல்லிவன் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலை போய்ப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்களுடைய ஆண்டு வருமானம், வேலை போகாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. அதே மாதிரி நிறுவனத்தில் மறுபடி வேலை கிடைத்தவர்களும் இழந்தார்கள். துறையே மாறியவர்கள் இன்னும் அதிகமாக இழந்தார்கள். காரணம் புரியாததல்ல. இருபது ஆண்டு அனுபவத்துக்குக் கிடைக்கும் சம்பளத்தில் அந்த இயந்திரத்தையும் அந்த ஆலையையும் அறிந்த அறிவுக்கான விலையும் சேர்ந்திருக்கிறது. வாசலைத் தாண்டியதும் அந்த அறிவை வாங்க ஆள் இல்லை. ஆகவே தொழில் மாற்றத்தை மனத்துணிவின் விஷயமாக மட்டும் பேசுவது பாதி உண்மைதான். மாறுவதற்கு ஆகும் செலவை யார் ஏற்கிறார்கள், எப்போது ஏற்கிறார்கள் என்பது மறுபாதி.

இதற்கு நோக்கியாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் ஒரே நிறுவனம் இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறது. 2008 ஜனவரியில் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரத் தொழிற்சாலையை மூடப்போவதாக அது அறிவித்தது. 2,300 பேருக்கு வேலை போயிற்று, உற்பத்தி ருமேனியாவுக்குப் போயிற்று. நல்ல லாபம் சம்பாதித்த ஆண்டுக்கு மறு மாதமே வந்த அறிவிப்பு என்பதால் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். கொடுத்த மானியத்தைத் திருப்பித் தரும்படி அரசுத் தரப்பும் கேட்டது. முடிவில் மூடுவதற்கான செலவு மட்டும் 20 கோடி யூரோ, அதாவது ஆளுக்கு 80,000 யூரோவுக்கும் மேல். மூன்று ஆண்டுகள் கழித்து, ஸ்மார்ட்போன் சந்தையில் தோற்றுக்கொண்டிருந்த அதே நோக்கியா 13 நாடுகளில் 18,000 பேரைக் குறைக்க வேண்டி வந்தபோது ‘பிரிட்ஜ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நிறுவனத்துக்குள்ளேயே வேறு வேலை, வெளியே வேலை, சொந்தத் தொழில், படிப்பு, இவை எதுவும் இல்லாமல் அவரவர் விரும்பும் வேறு வழி என்று எதைத் தேர்ந்தாலும், ஆள் வெளியேறுவதற்கு முன்பே ஆலோசனையும் பயிற்சியும் தொடங்கின. பின்லாந்தில் சொந்தத் தொழில் தொடங்க ஒருவருக்கு 25,000 யூரோ வரை தந்தார்கள். வேலையின் கடைசி நாளில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது தெரிந்திருந்தது; சுமார் 1,000 சிறு தொழில்கள் பிறந்தன. திட்டத்துக்கு ஆன செலவு 5 கோடி யூரோ. சட்டப்படி தரவேண்டிய ஈட்டுத்தொகையை இதோடு கலந்து கணக்குப் போடக் கூடாது, எனவே போஹுமோடு நேராக ஒப்பிடுவதும் சரியாகாது. ஆனாலும் முன்கூட்டிச் செலவழிப்பது வீண் என்ற வாதம் இங்கே எடுபடாது.

பின்லாந்து செல்வந்த நாடு, அங்கே பொறியாளர்கள் அதிகம், அரசின் வேலையின்மை உதவியும் உண்டு, நம் ஊருக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலைத் தேடி ஸ்ரீபெரும்புதூருக்கே போகலாம். 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, வரித் தகராறில் சிக்கியதால், நோக்கியாவின் செல்போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறாமல் நின்று, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஒரு காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்த இடம். பலர் பள்ளிப்படிப்போ டிப்ளமோவோ முடித்த கையோடு வந்த இளைஞர்கள், அவர்களில் பெண்கள் ஏராளம். ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு முன்பே வெளியேறியிருந்தார்கள். அடுத்த மாதமே அருகிலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது. செல்போன் பாகங்களைப் பொருத்தவும் சோதிக்கவும் பழகிய கைகளுக்கு வேலை தரக்கூடிய இடங்கள் ஒரே நேரத்தில் சுருங்கிப்போயின. கையில் பணம் இருந்தும் போய்ச்சேர இடம் இல்லாத நிலை இது. மூடிக்கிடந்த அந்த இடத்தை சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்ற அறிவிப்பு வந்தது 2019இல். 2014இல் 22 வயதாக இருந்த பெண்ணுக்கு அப்போது 27. அந்த ஐந்து ஆண்டுகளை எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளரும் ஈடுகட்ட முடியாது.

உதவி கொடுத்தால் ஆட்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பது இன்னொரு வாதம். எல்லையில்லாத உதவிக்கு அது ஓரளவு பொருந்தலாம். நம்மிடம் இருப்பதோ அந்த அச்சத்துக்கே இடம் தராத அளவு. இஎஸ்ஐயில் காப்பீடு செய்த தொழிலாளி வேலையிழந்தால், அதன் ஒரு திட்டத்தின்படி, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சராசரிக் கூலியில் பாதி அதிகபட்சம் 90 நாட்களுக்குக் கிடைக்கும். வீட்டு வாடகையும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் இருக்கிறவர் 91ஆம் நாள் கிடைத்த வேலையில் சேர்ந்துவிடுவார், அது தன் திறமைக்குப் பாதிச் சம்பளம் தந்தாலும். தொழிலை மாற்றியவர் என்று அவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு மறுபயிற்சிக்கென ஒரு நிதியை ஏற்படுத்தச் சொல்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாட்களுக்கான தொகையை முதலாளி அதில் செலுத்த வேண்டும். எண்ணம் சரிதான். ஆனால் அரை மாதச் சம்பளத்தில் எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வது? அந்தத் தொகையும் தொழிலாளியின் கணக்குக்கு வருவது வேலை போன பிறகு, 45 நாட்களுக்குள். தொகையை உயர்த்துவதற்கு முன்பே இந்த வரிசையை மாற்றலாம்: ஆட்குறைப்பு நோட்டீஸ் ஒட்டும் நாளிலேயே பணம் செலுத்தப்பட்டு, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே ஷிப்ட் நேரத்துக்குள் பயிற்சியும் தொடங்க வேண்டும் என்று விதி செய்தால் போதும்.