பந்தயக் கட்டுமரமும் பாயின் இழுப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் படகுப் பந்தயம் பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும் பணி என் மேசைக்கு வந்தது. அதில் பாயை 'ட்ரிம்' செய்தல் என்றொரு தொடர். அகராதியில் 'கத்தரித்தல்' என்று கண்டேன், அப்படியே எழுதிவிட்டேன். கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "பந்தயத்தின் நடுவே கத்தரிக்கோலுடன் பாய்மரத்தில் ஏறுபவர் யார் ஐயா?" என்று கேட்டார். காற்றின் போக்கிற்கு ஏற்பப் பாயை இழுத்தும் தளர்த்தியும் இசைவிப்பதே 'ட்ரிம்' என்பதை அன்றுதான் அறிந்தேன். அவரிடம் கேட்டவற்றையும் பின்னர்ப் படித்தவற்றையும் நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

'கட்டமரான்' என உலகம் வழங்கும் பெயர் நம்முடைய கட்டுமரமே. ஆனால் படகு வேறு. நம் கரையோரத்துக் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை; பந்தயக் கட்டமரானோ இரண்டு ஒடுங்கிய உடல்களைக் குறுக்குக் கட்டைகளால் இணைத்தது. அவ்வமைப்பு பசிபிக் தீவினர் நெடுங்காலமாகக் கையாண்டது. 1876-இல் நதானியல் ஹெரஷாஃப் என்னும் அமெரிக்கர் இவ்வகையில் 'அமரில்லிஸ்' என்ற படகைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் ஏனையோரை எளிதில் வென்றார். எதிர்ப்பு எழவே, அவர் படகு தகுதியற்றதெனத் தள்ளப்பட்டது. வேகமே குற்றமாயிற்று போலும்! நூறாண்டு கழித்து, 1976-இல், இவ்வகைப் படகு ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. இங்கிலாந்தில் ராட்னி மார்ச் 1967-இல் வடிவமைத்த 'டொர்னாடோ'தான் அது. நீளம் சுமார் 6.1 மீட்டர், அகலம் 3 மீட்டருக்குச் சற்று மேல், செலுத்துவோர் இருவர். 2008 வரை அது ஒலிம்பிக்கில் நீடித்தது.

இனி, காற்றைப் பார்ப்போம். மிதிவண்டியில் விரைந்து செல்பவனுக்கு, காற்றே வீசாத நாளிலும் முகத்தில் காற்று அறைகின்றதன்றோ? படகிற்கும் அப்படியே. பக்கவாட்டிலிருந்து மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் காற்று வீச, படகும் அதே வேகத்தில் முன்னேறுமாயின், பாய் உணரும் காற்று ஏறக்குறைய 14 கடல் மைல் வேகமுடையது. அது பக்கத்திலிருந்து வாராது, முன்னோக்கிச் சரிந்து 45 பாகைக் கோணத்தில் வரும். படகு விரைய விரைய அது மேலும் முன்னே நகரும். ஆதலின், புறப்படும்போது சரியாக இருந்த பாய் வேகம் பிடித்ததும் தளர்ந்ததாகிவிடும். உடனே இழுத்தாக வேண்டும். மெதுவான படகுகளில் பழகியவர் இங்குத் தடுமாறுவது இதனாலேயே.

இழுப்பு சரிதானா என்பதை எவ்வாறு அறிவது? முன்பாயின் இருபுறமும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி வைக்கின்றனர். இரண்டும் பின்னோக்கி நேராகப் பறந்தால் காற்று பாயைத் தழுவிச் செல்கின்றது எனலாம். காற்று வரும் பக்கத்து நூல் படபடத்தால் பாயை இழுக்க வேண்டும். மறுபக்கத்து நூல் படபடத்தால் தளர்த்த வேண்டும். நாலணாப் பெறாத நூல், நூலகம் கற்பிக்காததைக் கற்பிக்கின்றது.

பெரும்பாயில் வேலை மிகுதி. அதன் கயிறு பாயின் பின் ஓரத்தைக் கீழ்நோக்கி இறுக்குகின்றது. பின்புறக் குறுக்குக் கட்டையின்மீது இடமும் வலமும் நகரும் சிறு வண்டியோ, பாய் நிற்கும் கோணத்தை மாற்றுகின்றது. இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதை மறக்கலாகாது. கடல் மட்டத்தைவிட உயரத்தில் காற்று வலியது. எனவே பாயின் மேற்பகுதி சற்றுத் திருகித் திறந்திருத்தல் நலம். கயிற்றை அளவுக்கு மீறி இறுக்கினால் அத்திருகல் ஒழியும். படகு மூச்சுத் திணறியதுபோல் நின்றுவிடும். காற்று வலுத்தால், முன் ஓரத்தைக் கீழே இழுக்கும் கயிற்றைப் பலமாக இறுக்குவர். பாயின் குழிவு குறைந்து தட்டையாகும். பாய்மரமே தன் அச்சில் திரும்பக்கூடியது. அதன் முனையைக் காற்றுக்கு இசையத் திருப்பினால் மரமும் பாயும் ஒரே சிறகாகும்.

இத்தனையும் எதற்காக? காற்றுப் பக்கத்து உடல் நீரைவிட்டு மயிரிழை எழும்ப வேண்டும் என்பதற்காக. அப்போது நீரின் உராய்வு பெரிதும் குறையும். அதற்கு மேல் எழுந்தால் காட்சி அழகுதான், வேகம் இல்லை; கவிழும் அபாயமும் உண்டு. காற்றை எதிர்த்துச் செல்கையில் திடீரெனக் காற்று ஓங்கினால், பெரும்பாயின் கயிற்றை ஒரு சாண் விட்டு, உடல் தாழ்ந்ததும் மீண்டும் இழுப்பர்.

காற்றோடு செல்லும்போது நிலைமை தலைகீழ். பின்காற்றில் நேராக ஓடாமல், கோணலாக இருபுறமும் மாறி மாறிச் செல்வதே விரைவு; பாயில் காற்றின் வேகம் குறையாதிருப்பதே காரணம். இவ்வேளையில் காற்று ஓங்கினால் சுக்கானைக் காற்றின் பக்கம் திருப்புவது பெரும்பிழை. காற்று செல்லும் திசையிலேயே படகைத் திருப்ப வேண்டும். அவ்வாறு செய்தும் முன்மூக்கு நீரில் புதையத் தொடங்கினால், இருவரும் அந்நொடியே பின்கோடிக்கு நகர வேண்டும். தாமதித்தால் படகு மூக்கின்மேல் குட்டிக்கரணம் அடிக்கும். நண்பர் அவ்வாறு இருமுறை கடலில் வீழ்ந்தவர். இரண்டாம் முறை காரணம் காற்றன்று, கயிற்றைப் பிடித்திருந்த கை சற்றே வேடிக்கை பார்த்ததுதான் என்று அவரே சொன்னார்.