கடலடி கண்ட கமரா

பழைய கமராக்களைத் தொகுப்போர் அவற்றின் அழகை மட்டுமன்றி, அவை ஆற்றிய பணியையும் அறிதல் வேண்டும். 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும், 1956இல் மைக் வில்சன் திருக்கோணமலைச் சுவாமி மலையடியில் மூழ்கிக் கண்டு படமெடுத்தார். செவிவழிச் செய்திக்குக் கண்கண்ட சான்று கிடைத்தது.

அக்காலத்திற் கமராவை நீர்புகாப் பேழையொன்றினுள் அடைத்தே கடலடிக்குக் கொண்டு செல்வது வழக்கம். ஹான்ஸ் ஹாஸ் ரொலிபிளெக்ஸ் கமராவுக்கென வகுத்த ரொலிமரின் இத்தகையது. பேழையோ பருத்தது, உள்ளிருக்கும் விசைகளை வெளியிலிருந்தே இயக்குதல் வேண்டும்.

இந்நிலையை மாற்றியது, கூஸ்தோவின் தூண்டுதலால் ழான் த வூத்தே என்னும் பெல்ஜியப் பொறியியலாளர் வகுத்த கலிப்ஸோ ஆகும். அதற்குப் புறப்பேழை வேண்டுவதில்லை. கமராவின் உடலே பேழையாயிற்று. பொருத்துவாய்களில் இறப்பர் வளையங்கள் அமைந்தன. நீரின் அழுத்தம் மிகுந்தோறும் அவை இறுகி நீரைத் தடுத்தன. படமெடுத்தலையும் சுருளை நகர்த்துதலையும் ஒரே நெம்புகோல் செய்தது. 1963 முதல் நிக்கோன் நிறுவனம் இதனை நிக்கோனோஸ் என்னும் பெயரில் வெளியிட்டது. இவ்வரிசை 2001 வரை நிலைத்தது.

வளையம் காய்ந்து வெடித்துவிடின், பளபளக்கும் கமராவும் கடலுக்கு உதவாது. அவ்வாறே, எவர் எங்கே பயன்படுத்தினார் என்னும் குறிப்பை இழந்த கமரா வரலாற்றுக்கு உதவாது. ஆதலின், தொகுப்போர் கருவியோடு அக்குறிப்பையும் படச்சுருளையும் சேர்த்துப் பேணுவாராக.