உங்களுக்குத் தெரியுமா? ஸ்பீக்கர் வயர் சங்கதிகள்

● ஸ்பீக்கர் வயரில் விலையைவிடப் பருமன்தான் முக்கியம். 1.5 சதுர மி.மீ. செம்பு வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.013 ஓம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருந்தால், போக 10, வர 10 என்று மின்சாரத்துக்கு 20 மீட்டர் பாதை. மொத்தம் 0.26 ஓம். வயரின் மின்தடை ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு எல்லை 0.4, ஆகவே 1.5 தாராளம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2தான், 2.5 சதுர மி.மீ. வாங்கிவிடுங்கள். ஹாலுக்குள்ளேயே மூன்று மீட்டரில் முடிகிற வேலைக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

● கேஜ் எண் ஏற ஏற வயர் மெலியும்! 16-ஐவிட 12 தடிமன். கம்பியை அச்சுத் துளைகளில் நுழைத்து எத்தனை முறை இழுத்து மெலியவைத்தார்கள் என்ற கணக்கிலிருந்து வந்த எண் அது.

● மலிவு வயர்கள் பலவற்றில் உள்ளே இருப்பது அலுமினியம். செம்பு மேற்பூச்சு மட்டுமே. 'சி.சி.ஏ.' என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், நேர்மையான கம்பெனியாக இருந்தால். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். வெள்ளை எட்டிப் பார்த்தால் அதுதான். பாட்டு கேட்காமல் போய்விடாது. மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தேறும் என்பதால் தடிமனைக் கூட்டி வாங்க வேண்டும். மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சீக்கிரம் முறியும். மாறாக, வெளியே வெள்ளை, சுரண்டினால் செம்பு நிறம் என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, தாராளமாக வாங்கலாம்.

● வயர் முனையை ஒரு சென்டிமீட்டர் சீவினால் போதும். அதற்கு மேல் சீவினால் டெர்மினலுக்கு வெளியே வெறும் செம்பு நீட்டிக்கொண்டிருக்கும். தப்பிய ஒரே ஓர் இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டால்கூட ஷார்ட். ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம். இழைகளை இறுக முறுக்கிவிட்டுச் செருகுங்கள். வால்யூமைக் குறைத்தால் மட்டும் போதாது, பவரையே நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

● வால்வு ஆம்ப்ளிஃபயரின் குணம் வேறு. ஸ்பீக்கரை மாட்டாமல் அதில் பாட்டு ஓடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெடலாம். டிரான்சிஸ்டர் செட்டுக்கு அந்தப் பயம் இல்லை.

● முனைக்குச் சால்டர் வைத்து, அதன் மேல் ஸ்குருவை முடுக்குவது பலரின் பழக்கம். பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் சால்டர் மென்மையான உலோகம். அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி விலகும். இறுக்கிய ஸ்குரு தளரும். வெறும் செம்பை முறுக்கி வைப்பதே மேல்.

● ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினால் என்ன ஆகும்? தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் பிரமாதம். சேர்ந்து பாடும்போது மட்டும் பேஸ் காணாமல் போகும். ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கிறது. பாடகரின் குரலும் நடுவில் நிற்காமல் அறையெங்கும் அலையும். இரண்டு ஸ்பீக்கரிலும் சேர்ந்தாற்போல் மாறியிருந்தால் பாதகமில்லை! சந்தேகம் வந்தால், வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயரே பிளஸ்.

● இடது வயர் நீளம், வலது வயர் குட்டை என்றால் ஓசை முன்பின்னாக வருமா? வராது. 5 மீட்டர் வித்தியாசத்தைக் கடக்க மின்சைகைக்கு ஆகும் நேரம் நொடியின் நூறு கோடியில் சில பத்துப் பங்குகளே. அதற்குள் காற்றில் ஒலி ஒரு மில்லிமீட்டர்கூட நகர்ந்திருக்காது.

● ஸ்பீக்கர் வயர் முனையில் மாட்டும் பனானா பின்னின் விட்டம் 4 மி.மீ. ஐரோப்பாவில் புழங்கும் சிறிய இரட்டை பிளக்கின் கம்பிக்கும் அதே 4 மி.மீ. சுவர் பிளக் பாயின்ட்டில் யாராவது தவறிச் செருகிவிட்டால்? அதனால்தான் ஐரோப்பாவுக்குப் போகும் ஸ்பீக்கர்களின் டெர்மினல் துளைகளில் பிளாஸ்டிக் அடைப்பு வைக்கிறார்கள். நகத்தால் நெம்பினால் வந்துவிடும்.

● 12 அடி ஜோடி 7,250 டாலருக்கு விற்ற ஸ்பீக்கர் கேபிளும் உண்டு. அதற்கும் சாதாரண நல்ல கேபிளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2007-இல் சவால் விட்டார் அமெரிக்க மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி. அந்தப் பந்தயம் கடைசிவரை நடக்கவே இல்லை.

● கோயில் திருவிழாவில் தெருக்கோடி வரை மெல்லிய வயரில் ஸ்பீக்கர் கட்டுகிறார்களே, அது எப்படி? அங்கே பெரும்பாலும் 100 வோல்ட் லைன். 100 வாட்டை 8 ஓமில் அனுப்ப மூன்றரை ஆம்பியர் வேண்டும். 100 வோல்ட்டில் ஒரே ஆம்பியர் போதும். வயரில் வீணாவது பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அந்த வோல்ட்டை இறக்கிக்கொள்ளும். வீட்டு ஸ்பீக்கரில் அது கிடையாது. அந்த 100 வோல்ட் டெர்மினலில் அதை மாட்டி வால்யூமை ஏற்றினால் வாய்ஸ் காயில் கருகிவிடும்.