கட்டளைகளுக்கு முன்னால் ஒரு வரி

கண்டியில் ஞாயிறு பூசை முடிந்து வரும் ஒரு கத்தோலிக்கப் பிள்ளையிடம், பத்துக் கட்டளைகளில் கொலையைத் தடுப்பது எத்தனையாவது என்று கேளுங்கள். ஐந்தாவது என்று சொல்லும். தலதா மாளிகைக்குப் பக்கத்திலுள்ள புனித பவுல் ஆலயத்துக்குப் போகும் அங்கிலிக்கன் பிள்ளையிடம் கேட்டால் ஆறாவது என்று வரும். இரண்டுமே சரி. விவிலியம் கட்டளைகளுக்கு இலக்கம் போடவில்லை. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் புனித அகுஸ்தீனார் வகுத்த கணக்கைப் பின்பற்றுகிறோம். அதில் சிலை வழிபாட்டுத் தடை முதற் கட்டளைக்குள் அடங்கிவிடும். ஆசையைத் தடுக்கும் கடைசி இரண்டும் தனித்தனி. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரஸ்பிட்டேரியன் சபைகளில் சிலைத் தடை தனிக் கட்டளை. ஆசை இரண்டும் ஒன்று.

எங்கள் வீட்டில் இரண்டு கணக்கும் உண்டு. அப்பா வழியினர் அங்கிலிக்கன். தோட்டத் தொழிலாளருக்கென்று 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனின் காலத்தில் வேதத்துக்கு வந்தவர்கள். அம்மா கத்தோலிக்கம், நானும் அப்படியே. படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் நன்மைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். பத்தையும் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். ஆனால் முதலாவது கட்டளைக்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது. அதைக் கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும்.

விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரத்தில், ஒன்றையும் கட்டளையிடுவதற்கு முன் கடவுள் தாம் யாரென்று சொல்கிறார். எகிப்தின் அடிமை வீட்டிலிருந்து உங்களை வெளியே கொண்டுவந்தவர் நானே என்பதுதான் அந்த அறிமுகம். இதை மனதில் வைத்தால் கிறிஸ்தவ நம்பிக்கையில் அறநெறிச் சட்டத்துக்குரிய இடம் விளங்கிவிடும். சட்டத்தைக் கைக்கொண்டார்கள் என்பதற்காகக் கடவுள் அவர்களை மீட்கவில்லை. மீட்டார், பிறகே சட்டம் தந்தார்.

எங்கள் ஆட்கள் பலருடைய மனதில் இது தலைகீழாகவே இருக்கிறது. கடவுள் பரீட்சைத்தாள் திருத்துகிறவர், பத்துக் கேள்விக்கும் புள்ளி எடுத்தால் மோட்சம் என்று நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தோடு முதலில் மோதியவர் புனித பவுல். சட்டம் நம் பாவத்தைக் காட்டும், அதிலிருந்து தூக்கிவிடும் வலு அதற்கு இல்லை, அது கிறிஸ்துவின் அருளால் வருவது என்று உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எழுதினார். அதே உரோமையர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில், பிறரை நேசிக்கிறவர் சட்டம் முழுவதையும் நிறைவேற்றிவிட்டார் என்றும் சொல்கிறார். ஆக, சட்டத்தை அவர் தூக்கி எறியவில்லை.

இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்பதில்தான் 16ஆம் நூற்றாண்டில் மேற்குத் திருச்சபை பிளந்தது. நற்செயல்களால் மீட்பைச் சம்பாதிக்க முடியாது என்றார் லூத்தர். கல்வின் சட்டத்துக்கு மூன்று பயன் சொன்னார்: பாவத்தைக் காட்டுவது, தீயவனைக் கட்டுப்படுத்துவது, மீட்கப்பட்டவனுக்கு வழி காட்டுவது. ஏறத்தாழ ஐந்நூறு வருடச் சண்டைக்குப் பிறகு, 1999 ஒக்டோபர் 31ஆம் திகதி ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டார்கள். மீட்பு அருளால் வருகிறது, நற்செயல் அதன் கனி என்பது அதன் சாரம். 2006இல் உலக மெதடிஸ்த பேரவையும் அதில் சேர்ந்துகொண்டது. அம்மாவும் அப்பாவும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் நம்பிய விஷயத்தைத்தான் பெரியவர்கள் எழுதிக் கையொப்பமிட இவ்வளவு காலம் பிடித்தது.

வகுப்பில் தவறாமல் வரும் இன்னொரு கேள்வி: “டீச்சர், மோசேயின் சட்டத்தில் பன்றி சாப்பிடக் கூடாதென்றும் இருக்கிறதே, அதை மட்டும் ஏன் விட்டோம்?” நல்ல கேள்வி. புனித தோமா அக்குயினாசு பழைய சட்டத்தை மூன்றாகப் பிரித்தார். பலி, உணவு, தீட்டு பற்றியவை வழிபாட்டுச் சட்டங்கள். அவை கிறிஸ்துவோடு முடிந்தன. வழக்கு, தண்டனை பற்றியவை அந்தக் கால இஸ்ரயேலின் அரச சட்டங்கள். கொலை, களவு, பொய், விபச்சாரம், பெற்றோருக்குரிய மரியாதை பற்றியவை அறநெறிச் சட்டம். அது எந்தக் காலத்துக்கும் எந்த மனிதனுக்கும் பொது.

எந்த மனிதனுக்கும் பொது என்பதைக் கண்டிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. புனித பவுல் ஆலயத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் நாத தேவாலயம், அதற்கப்பால் மாளிகை. போயா நாளில் வெள்ளை உடுத்திப் போகும் அயல்வீட்டு அம்மா எடுக்கும் பஞ்சசீலத்தில் கொலை, களவு, தவறான காமம், பொய் ஆகிய நாலும் இருக்கின்றன. ஐந்தாவது, மதுவைத் தவிர்ப்பது. மோசேயைக் கேள்விப்படாதவர்களின் இதயத்திலும் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது, அவர்களுடைய மனச்சான்றே சாட்சி என்று பவுல் சொன்னது இதைத்தான். எனவே நல்லொழுக்கம் எங்களுக்கு மட்டும் சொந்தம் என்று எந்தக் கிறிஸ்தவனும் பெருமை பேச இடமில்லை.

அப்படியானால் கிறிஸ்து கூட்டிச் சேர்த்தது என்ன? மலைப்பொழிவில் அவர் கொலையிலிருந்து கோபத்துக்குப் போகிறார், விபச்சாரத்திலிருந்து பார்வைக்குப் போகிறார். சட்டம் முழுவதையும் கடவுளன்பு, பிறரன்பு என்ற இரண்டில் நிறுத்துகிறார். பிறர் என்றால் யார் என்று ஒருவர் கேட்க, வேறு இனத்துச் சமாரியர் ஒருவரைக் கதாநாயகனாக்கிப் பதில் சொல்கிறார்.

அந்தக் கதை கண்டியில் ஒருமுறை நடந்தது. கோவாவில் பிறந்த புனித யோசேப் வாஸ் அடிகளார், கத்தோலிக்கத்தை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தவர். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் அடைத்தார்கள். பின்னர் பௌத்த அரசரான இரண்டாம் விமலதர்மசூரியரே அவருக்குச் சுதந்திரம் கொடுத்தார். 1697இல் பெரியம்மை வந்தது. நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு உறவினரே ஓடினார்கள். அடிகளாரும் உடனிருந்த குரு யோசேப் கர்வாலோவும் அவர்களுக்குக் குடிசை போட்டுக் கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். என்ன சமயம் என்று பார்க்கவில்லை. அம்மை நோயாளியைக் கழுவு என்று பத்துக் கட்டளையில் எதுவும் இல்லை. கொல்லாமல் இருப்பதோடு சட்டத்தை முடித்துக்கொள்ள அந்த முன்னாள் சிறைக்கைதியால் முடியவில்லை. 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நான் பிறந்தது தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்குப் பிந்தினால் வேலை இல்லை, சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு, தண்ணிக்கு என்று கழிப்பார்கள். நிறையப் பறித்த நாளில் நிறையக் கழியும். எங்கள் தராசுக்காரர் கோயிலில் முன் வரிசை ஆள். “ஏம்மா, பேசாம வந்துட்டீங்க?” என்று கேட்டால், “பேசுனா நாளைக்குப் பேர் போட மாட்டாங்க” என்பார் அம்மா.

அந்த மனிதர் பீரோவை உடைத்துத் திருடியதில்லை. களவுக் கட்டளையை மீறியதாக அவர் ஒருநாளும் நினைத்திருக்கமாட்டார். ஆனால் லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் கள்ளத் தராசைத் தடுக்கிறது. கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருப்பதையும் தடுக்கிறது. தராசு பற்றிய அந்த வசனமும் எகிப்தை நினைவூட்டித்தான் முடிகிறது. நியாயமான கூலி வெறும் பேரம் அல்ல, இயற்கை நீதி என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் சுற்றுமடல் எழுதினார். இரண்டே வருடத்தில், 1893இல், கண்டிக்குப் பக்கத்திலுள்ள அம்பிட்டியவில் குருமடம் அமைத்தவரும் அவரே. அங்கே படித்த குருக்களைச் சுற்றியிருந்த மலையெல்லாம் தேயிலை. அந்தச் சுற்றுமடல் லயத்துக் காம்பராக்களுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

அரச சட்டமும் அறநெறிச் சட்டமும் ஒன்றல்ல என்பதையும் இந்தியாவிலிருந்து வந்த எங்கள் தோட்டத்து ஆட்கள் அனுபவித்தே படித்தார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் முறைப்படி நிறைவேறியது; தாத்தா நாடற்றவரானார். 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்குபோட்டது. 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டது. அநீதியான சட்டம் சட்டமே அல்ல என்று அகுஸ்தீனார் காலத்திலிருந்தே கிறிஸ்தவ மரபு சொல்லி வந்திருக்கிறது. கண்டியில் அதைச் செயலில் எடுத்தவர் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ். 1972இல் சத்யோதய நிறுவனத்தைத் தொடங்கி, சிங்களவரையும் தமிழரையும் ஒன்றாக உட்காரவைத்து, தோட்ட மக்களின் உரிமைக்காக எழுதினார், வாதாடினார். நாடற்றவர்களாக மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை பெற வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

இன்று எங்களில் பலர் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டோம். ஆசிரியர், கிளாக்கர், கடை முதலாளி என்று கண்டி டவுனில் வீடு கட்டியிருக்கிறோம். அந்த வீடுகளில் சமைக்க, கூட்ட, பிள்ளை பார்க்க இன்னும் தோட்டத்துப் பெண்களே வருகிறார்கள். ஓய்வுநாள் கட்டளை இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரத்தில் இன்னொரு முறை வருகிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய்ந்திருக்க வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்று அங்கே காரணமும் சொல்லப்படுகிறது. விடுதலையானவன் இன்னொருவனுக்குப் பார்வோன் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதே இந்தச் சட்டத்தின் வேலை என்று நான் நம்புகிறேன்.

அதனால் முதல் நன்மை வகுப்புக்குப் பெற்றோர் வரும்போது, பிள்ளை கட்டளைகளைப் பாடமாக்கிவிட்டதா என்று நான் இப்போது கேட்பதில்லை. வீட்டில் வேலைக்கு ஆள் உண்டா, அந்தப் பெண்ணுக்கு ஞாயிறு லீவு உண்டா, சம்பளம் மாத முடிவிலேயே கிடைக்கிறதா என்று கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. பூசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் டீச்சர் என்கிறார்கள். அவர்களைத்தான் உட்காரவைத்து அந்த முதல் வரியை வாசிக்கச் சொல்கிறேன்.